வேலையை விட்டுப் போகிறவருக்கு என்ன எழுதித் தருவது?

பெர்லினில் ஒரு பல் மருத்துவமனை. அங்கே வரவேற்பிலும் அலுவலகத்திலும் ஓராண்டு வேலை பார்த்த ஒரு பெண் 2011 ஜூன் மாதக் கடைசியில் விலகினார். நோயாளிகளுக்கு நேரம் கொடுத்தது, கோப்புகளைப் பராமரித்தது, பில் போட்டது, யாருக்கு எப்போது வேலை, எப்போது விடுப்பு என்று பட்டியல் தயாரித்தது எல்லாம் அவர்தான். விலகும்போது மருத்துவமனை கொடுத்த சான்றில், ‘எங்களுக்கு முழுத் திருப்தி தரும்படி வேலை செய்தார்’ என்று இருந்தது. அவர் நீதிமன்றம் போனார். அந்த வாக்கியத்தில் ‘எப்போதும்’ என்ற ஒரு சொல் விடுபட்டிருக்கிறது, அதைச் சேர்த்துத் தர வேண்டும் என்பது அவர் கோரிக்கை. கீழ்நீதிமன்றங்கள் இரண்டும் அவர் பக்கம் தீர்ப்பளித்தன. மருத்துவமனை விடவில்லை. வழக்கு எர்ஃபுர்ட் நகரில் உள்ள கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் வரை போய், 2014 நவம்பர் 18 அன்று தீர்ப்பு வந்தது.

முழுத் திருப்தி என்று எழுதிக் கொடுத்த பிறகும் என்ன குறை என்று நமக்குத் தோன்றும். ஜெர்மனியில் அப்படி யாரும் கேட்க மாட்டார்கள். ‘எப்போதும்’ இருந்தால் அது இரண்டாம் தரம், அதாவது ‘நன்று’. இல்லாவிட்டால் மூன்றாம் தரம், ‘பரவாயில்லை’. அடுத்த வேலைக்கு மனுப் போடும்போது அதைப் படிக்கிற அதிகாரிக்கு இந்த வித்தியாசம் ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

வேலையை விட்டுப் போகிறவரைப் பற்றிப் பழைய முதலாளி என்ன சொல்லலாம், எதைச் சொல்லியே ஆக வேண்டும், எதைச் சொல்லவே கூடாது என்பதற்கு ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு பதில் வைத்திருக்கிறது. அந்தப் பதில்களை வரிசையாகப் பார்த்தால் ஒன்று புலப்படும். இந்தக் காகிதத்தில் மூன்று பேருக்குப் பங்கு உண்டு: போகிறவர், எழுதுகிறவர், இதை நம்பி நாளை அவரை வேலைக்கு எடுக்கப் போகிறவர். மூன்றாமவருக்குப் பின்னால் அவருடைய நோயாளிகள், மாணவர்கள், வாடிக்கையாளர்கள் என்று ஒரு கூட்டமே நிற்கிறது. எந்த நாட்டு வழக்கமும் இந்த மூவரையும் சமமாகக் காப்பாற்றவில்லை. யாரைக் காப்பாற்றுவது, யாரைக் கைவிடுவது என்று அந்தந்தச் சமூகம் எடுத்த முடிவுதான் அதன் சான்றிதழில் தெரிகிறது.

ஜெர்மனியிலிருந்தே தொடங்கலாம். இந்த விஷயத்தை அவர்களைப் போல் இழைத்து இழைத்துச் செய்தவர்கள் வேறு யாரும் இல்லை. பழைய எசமானின் சான்று இல்லாமல் வேலையாட்களை வைத்துக்கொள்ளக் கூடாது என்று 1530ஆம் ஆண்டின் பேரரசுக் காவல் ஆணையே சொன்னது. 1846இல் பிரஷ்யா வீட்டு வேலைக்காரர்களுக்குத் தனிப் புத்தகமே கொண்டுவந்தது. ஒவ்வொரு எசமானும் அதில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். இவையெல்லாம் வேலைக்காரரைக் கண்காணிக்க வந்தவை. 1900இல் நடைமுறைக்கு வந்த குடிமைச் சட்டத் தொகுப்பின் 630ஆம் பிரிவு இதைத் திருப்பிப் போட்டது. சான்று கேட்பது தொழிலாளியின் உரிமை, தருவது முதலாளியின் கடமை என்றாயிற்று. இன்று தொழில் ஒழுங்குச் சட்டத்தின் 109ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. என்ன வேலை, எத்தனை காலம் என்று மட்டும் சொல்கிற எளிய சான்றும் உண்டு. வேலைத்திறம், நடத்தை இரண்டையும் மதிப்பிடுகிற விரிவான சான்றும் உண்டு. எது வேண்டும் என்று முடிவு செய்வது தொழிலாளி.

சிக்கல் 1963இல் முற்றியது. அந்த ஆண்டு கூட்டாட்சி உயர் நீதிமன்றம் இரண்டு அளவுகோல்களைச் சேர்த்து வைத்தது. சான்றில் உண்மை இருக்க வேண்டும். அதே சமயம் அது நல்லெண்ணத்தோடு எழுதப்பட வேண்டும். போகிறவரின் பிழைப்பைத் தேவையில்லாமல் கெடுக்கக் கூடாது. சோம்பேறியான ஒருவரைப் பற்றி இந்த இரண்டுக்கும் கட்டுப்பட்டு எப்படி எழுதுவது? எல்லாவற்றையும் பாராட்டாகவே எழுதி, பாராட்டின் அளவிலேயே தரத்தைக் காட்டுகிற வழியை முதலாளிகள் கண்டுபிடித்தார்கள். ‘எப்போதும் எங்களுக்கு முழுமையிலும் முழுமையான திருப்தி’ என்றால் முதல் தரம். ‘எப்போதும்’ போனால், ‘முழு’ போனால், ஒவ்வொரு படியாக இறங்கும். ‘எங்களுக்குத் திருப்தி’ என்று மொட்டையாக இருந்தால் நான்காம் தரம். ‘மொத்தத்தில் பார்த்தால் திருப்தி’ என்றால் தேறவில்லை. ‘தம் பணிகளைச் செய்ய முயன்றார்’ என்று எழுதியிருந்தால் அதைவிட மோசம் கிடையாது. முயன்றார், ஆனால் ஒன்றும் நடக்கவில்லை என்று அதற்குப் பொருள்.

சொல்லாமல் விடுவதும் இதே கணக்கில் வரும். காசாளரின் சான்றில் நேர்மையைப் பற்றிப் பேச்சே இல்லையென்றால் படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார். சக ஊழியர்களோடு நன்றாகப் பழகினார் என்று எழுதி, மேலதிகாரியைக் குறிப்பிடாமல் விட்டால், மேலே தகராறு என்று எடுத்துக்கொள்வார்கள். ‘கலகலப்பானவர், அலுவலகத்தின் உற்சாகத்துக்குக் காரணமானவர்’ என்றால் குடிப்பழக்கம் என்று கைநூல்கள் எச்சரிக்கின்றன. இத்தனைக்கும், வெளியே தெரிகிற பொருளைத் தவிர வேறு எதையும் உணர்த்துகிற அடையாளமோ சொற்றொடரோ சான்றில் இருக்கக் கூடாது என்று அதே 109ஆம் பிரிவு தெளிவாகத் தடை செய்கிறது. ரகசியக் குறியீட்டைச் சட்டம் தடுத்தது. எல்லாருக்கும் தெரிந்துபோன குறியீட்டை அதனால் தடுக்க முடியவில்லை.

வழக்குகளுக்கும் குறைவில்லை. முதலாளி காகிதத்தை இரண்டு முறை மடித்து உறையில் போட்டுத் தந்துவிட்டார் என்று ஒருவர் 1999இல் கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் வரை போனார். நகல் எடுக்கும்போது மடிப்புக்கோடு தெரியாவிட்டால் போதும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. கடைசி வரியில் நன்றியும் வாழ்த்தும் கேட்டு வாங்க உரிமை கிடையாது என்று 2012இல் தீர்ப்பு வந்தது. 2023இல் வந்த தீர்ப்பு எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரு பெண் ஊழியர் தம் சான்றில் திருத்தம் கேட்டார், நிறுவனம் திருத்தியது. மறுபடி கேட்டார், அதையும் திருத்தியது, ஆனால் முதலில் இருந்த நன்றியையும் வாழ்த்தையும் எடுத்துவிட்டது. உரிமையைக் கேட்டதற்குத் தண்டனையாக இதைச் செய்யக் கூடாது, எடுத்ததைத் திருப்பிச் சேர்க்க வேண்டும் என்றது நீதிமன்றம். மனிதர்கள் இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இவ்வளவு தூரம் போவார்களா என்று கேட்பவர்கள், இருபது வருடம் கழித்தும் அந்தக் காகிதம் மனுவோடு மனுவாக அலையும் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பெர்லின் பெண்ணின் வழக்குக்கு வருகிறேன். ஜெர்மனியில் எழுதப்படும் சான்றுகளில் கிட்டத்தட்ட 90 விழுக்காடு ‘நன்று’, ‘மிக நன்று’ என்ற தரங்களில்தான் இருக்கின்றன என்று ஆய்வுகள் காட்டின. அப்படியானால் ‘பரவாயில்லை’ என்பது நடைமுறையில் அவமானம்தானே என்பது அவர் வாதம். நீதிமன்றம் ஏற்கவில்லை. சராசரி என்றால் மூன்றாம் தரம்தான். அதற்குமேல் கேட்டால் தொழிலாளி நிரூபிக்க வேண்டும், அதற்குக்கீழ் போட்டால் முதலாளி நிரூபிக்க வேண்டும் என்று சொல்லி, வழக்கை மறுபடி விசாரிக்கத் திருப்பி அனுப்பியது. சட்டத்தின்படி இது சரியாக இருக்கலாம். ஆனால் பத்தில் ஒன்பது பேர் நல்ல தரம் வாங்கும் இடத்தில் சராசரி வாங்கியவர் கடைசி வரிசையில்தான் நிற்கிறார். எல்லாரும் வழக்குக்குப் பயந்து தரத்தைக் கூட்டிப் போடுவதால், உண்மையிலேயே நன்றாக வேலை செய்தவருக்கும் அந்தக் காகிதத்தால் பெரிய பயன் இல்லாமல் போகிறது.

பக்கத்து ஆஸ்திரியா இந்தத் தொல்லைக்கே இடம் வைக்கவில்லை. அலுவலர் சட்டத்தின் 39ஆம் பிரிவு ஒரே அடியாகச் சொல்கிறது: புது வேலை கிடைப்பதைக் கடினமாக்கும் எந்தக் குறிப்பும் கூடாது. மொழி ஒன்றுதான், எல்லையும் ஒன்றுதான், முடிவு மட்டும் வேறு.

பிரான்ஸ் அந்த முடிவுக்கு வந்த பாதை கசப்பானது. நெப்போலியன் முதல் கான்சலாக இருந்த 1803இல் தொழிலாளிகளுக்கு ஒரு கையேட்டைக் கட்டாயமாக்கினார்கள். வேலைக்குச் சேரும்போது அதை முதலாளியிடம் ஒப்படைக்க வேண்டும். முன்பணம் வாங்கியிருந்தால் அது தீரும்வரை கையேட்டை அவர் பிடித்து வைத்துக்கொள்ளலாம். கையேடு இல்லாமல் ஊர் விட்டு ஊர் போகும் தொழிலாளி நாடோடியாகக் கருதப்பட்டுக் கைதாகலாம். இந்த முறையை 1890 ஜூலை 2ஆம் தேதிச் சட்டம் ஒழித்தது. அதே சட்டம்தான் இன்றைய பணிச்சான்றையும் கொண்டுவந்தது. சேர்ந்த தேதி, விலகிய தேதி, செய்த வேலை, இந்த மூன்று மட்டுமே அதில் இருக்க வேண்டும் என்று சட்டம் வரையறுத்தது. ‘மட்டுமே’ என்ற அந்தக் கட்டுப்பாட்டுக்குப் பின்னால் 87 ஆண்டுக் கையேட்டின் நினைவு இருக்கிறது. ஒரு முதலாளி நல்ல வார்த்தை எழுத அனுமதித்தால், இன்னொருவர் எழுதாமல் விடுவதே கெட்ட வார்த்தையாகிவிடும் என்பதை அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டிருந்தார்கள்.

இந்தக் கையேட்டைப் படிக்கும்போது தமிழர்களுக்கு இலங்கைத் தேயிலைத் தோட்டத்துத் ‘துண்டு’ நினைவுக்கு வர வேண்டும். திருச்சி, சேலம், மதுரைப் பக்கங்களிலிருந்து கங்காணிகள் ஆள் கூட்டிப் போன காலம். கப்பல் செலவு, அரிசி, கல்யாணம், சாவு என்று தலைக்குத் தலை கடன் ஏறியிருக்கும். இந்தக் கூட்டத்தின்மேல் இவ்வளவு ரூபாய் பாக்கி, அதைக் கட்டினால் விடுவிக்கிறேன் என்று தோட்டத்துத் துரை எழுதித் தருகிற சீட்டுக்குத்தான் துண்டு என்று பெயர். கங்காணி அதை எடுத்துக்கொண்டு வேறு தோட்டம் தேடுவார். புதுத் துரை பணத்தைக் கட்டுவார். கூட்டம் இடம் மாறும், கடன் அவர்கள் தலையிலேயே இருக்கும், பல சமயம் கூடவும் செய்யும். அந்த ஆள் எப்படிப்பட்டவர், கொழுந்து எத்தனை ராத்தல் எடுப்பார் என்பது அதில் இருக்காது. அவருடைய விலை இருக்கும். 1921இல் வந்த தொழிலாளர் சட்டம்தான் துண்டு முறையை ஒழித்தது. வேலை மாறுவதற்குப் பழைய முதலாளியின் காகிதம் தேவை என்று வைத்துவிட்டால் அது எங்கே போய் முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

அந்தக் கதை முடிந்துவிடவும் இல்லை. கத்தாரில் ஆட்சேபணை இல்லை என்று முதலாளி எழுதித் தராமல் தொழிலாளி வேறு வேலைக்கு மாற முடியாத நிலை 2020 செப்டம்பர் வரை நீடித்தது. வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள் உள்ள எந்த ஊரிலும் ‘என்ஓசி’ என்ற சொல்லுக்கு விளக்கம் தேவைப்படாது.

சோவியத் ஒன்றியம் 1939 தொடக்கத்திலிருந்து எல்லாருக்கும் தொழில் புத்தகம் கொடுத்தது. அது முதலாளியிடம் இருக்கும். வேலையை விடும்போது கைக்கு வரும். சட்டத்தின் எந்தப் பிரிவின்கீழ் நீக்கம் என்று அதில் எழுதிவிட்டால் அடுத்த வேலை கிடைப்பது பெரும்பாடு. பிற்காலச் சட்டத்தில் பாராட்டை எழுதலாம், தண்டனையை எழுதக் கூடாது; நீக்கமே தண்டனையாக இருந்தால் மட்டும் எழுத வேண்டும். 2020 முதல் ரஷ்யா அதை மின்னணு வடிவத்துக்கு மாற்றி வருகிறது. சீனாவில் பள்ளிக் காலத்திலேயே தொடங்கும் கோப்பு ஒன்று ஆளின் பின்னால் வருகிறது. முத்திரையிட்ட உறைக்குள் என்ன இருக்கிறது என்று சம்பந்தப்பட்டவருக்கே தெரியாது. 2008இல் நடைமுறைக்கு வந்த தொழில் ஒப்பந்தச் சட்டம், வேலை முடிந்ததும் சான்று தரவும் 15 நாளுக்குள் கோப்பை மாற்றிவிடவும் நிறுவனத்துக்கு உத்தரவிடுகிறது. அப்படி ஓர் உத்தரவு தேவைப்பட்டதிலிருந்தே அதுவரை என்ன நடந்தது என்று ஊகிக்கலாம்.

ஜப்பான் இந்த அபாயத்தை முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொண்டது. 1947ஆம் ஆண்டின் தொழில்தரச் சட்டம் 22ஆம் பிரிவில், விலகுகிறவர் கேட்டால் சான்று தர வேண்டும், அவர் கேட்காத எதையும் அதில் எழுதக் கூடாது என்கிறது. நீக்கத்துக்கான காரணம் வேண்டாம் என்று தொழிலாளி நினைத்தால் அது வராது. நாட்டினம், நம்பிக்கை, சமூக நிலை, தொழிற்சங்க ஈடுபாடு பற்றி முதலாளிகள் தங்களுக்குள் தகவல் பரிமாறுவதையும், சான்றில் ரகசியக் குறி இடுவதையும் அதே பிரிவு தடுக்கிறது. ஆனால் சட்டம் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, பாகுபாடு வேறு வழியில் வந்தது. ஒடுக்கப்பட்ட புராக்கு மக்கள் வாழும் ஊர்களின் பெயர்களைத் தொகுத்த புத்தகங்கள் நிறுவனங்களுக்கு ரகசியமாக விற்கப்பட்டது 1975இல் வெளியே வந்தது. ஆளைப் பற்றிப் பழைய முதலாளியிடம் கேட்க வேண்டியதே இல்லை. சொந்த ஊர்ப் பெயர் போதும். சாதியை ஊரிலிருந்தும் தெருவிலிருந்தும் படித்துவிடுகிற நமக்கு இது தொலைதூரச் செய்தி இல்லை.

இனி பிரிட்டன். அங்கே இந்தக் கேள்வி வீட்டு வேலைக்காரர்களிடமிருந்து தொடங்கியது. எசமானியம்மாள் ‘நல்லவள்’ என்று எழுதித் தராவிட்டால் சமையல்காரிக்கு அடுத்த வீடு கிடையாது. பொய்ச் சான்றுகள் பெருகியதால் 1792இல் ஒரு சட்டம் போட்டு, 20 பவுண்டு அபராதம் வைத்தார்கள். அந்தச் சட்டம் ஏட்டிலிருந்து நீக்கப்பட்டது 2008இல்தான். ஆனால் உண்மைச் சான்று தர வேண்டிய கடமை எசமானுக்கு உண்டா என்றால், இல்லை என்று 1800ஆம் ஆண்டிலேயே நீதிமன்றம் சொல்லிவிட்டது. பொய் எழுதினால் தண்டனை, எழுதாமலே விட்டால் ஒன்றுமில்லை. அதே பழக்கத்தைத்தான் அவர்கள் சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் கொண்டுவந்தார்கள். பழைய துரைமார் கொடுத்த ‘சிட்டு’களைக் கட்டாகக் கட்டி வைத்திருந்த பட்லர்களும் ஆயாக்களும், படிக்கத் தெரியாத அந்த மொழியில் தங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்றே அறியாமல் அடுத்த பங்களாவின் படியேறினார்கள்.

நவீன பிரிட்டனின் திருப்புமுனை 1994ஆம் ஆண்டின் ஸ்பிரிங் வழக்கு. காப்பீட்டு விற்பனையில் இருந்த ஸ்பிரிங் என்பவரைப் பற்றி, நேர்மை என்பதே இல்லாதவர் என்ற பொருளில் கார்டியன் அஷ்யூரன்ஸ் நிறுவனம் சான்று அனுப்பியது. அவருக்கு வேறு எங்கும் வேலை கிடைக்கவில்லை. எழுதியவர்கள் வேண்டுமென்றே பொய் சொல்லவில்லை. சரியாக விசாரிக்காமல் எழுதிவிட்டார்கள். அதனால் அவதூறு வழக்கு நிற்காது. ஆனாலும், சான்று எழுதும்போது அந்த ஆளின்மேல் அக்கறையோடு, விசாரித்து எழுத வேண்டிய கடமை உண்டு என்று பிரபுக்கள் சபை நீதிபதிகள் நால்வர் ஆதரவு, ஒருவர் எதிர்ப்பு என்ற கணக்கில் தீர்ப்பளித்தார்கள். அநியாயமாகப் பிழைப்பை இழந்தவருக்குக் கிடைத்த நல்ல தீர்ப்பு அது. நிறுவனங்கள் அதிலிருந்து வேறு பாடம் எடுத்துக்கொண்டன: எழுதினால்தானே வம்பு? தேதியும் பதவியும் மட்டும் போதும். பிரான்ஸ் தொழிலாளியைக் காக்க எழுதிய அந்த மூன்று வரிகளை, பிரிட்டனில் நிறுவனங்கள் தங்களைக் காத்துக்கொள்ள எழுதத் தொடங்கின. ஆனால் வித்தியாசம் இருக்கிறது. பிரான்சில் அது எல்லாருக்கும் கட்டாயமாக உண்டு. பிரிட்டனில் அதைக்கூடத் தரச் சட்டம் பொதுவாக வற்புறுத்துவதில்லை.

அமெரிக்காவில் இந்தப் பயம் இன்னும் பெரியது. அவதூறு வழக்குப் போட்டால் இழப்பீடு கோடிக்கணக்கில் போகலாம் என்பதால், பெரிய நிறுவனங்களின் மனிதவளத் துறை பெயர், பதவி, தேதிகளைத் தவிர வாய் திறப்பதில்லை. நல்லெண்ணத்தோடு உண்மை சொன்னால் பாதுகாப்பு உண்டு என்று பல மாநிலங்கள் சட்டம் போட்டும் பழக்கம் மாறவில்லை. மூன்றாமவர் கைவிடப்படுவது இங்கேதான்.

சார்லஸ் கல்லன் என்ற செவிலியர் நியூ ஜெர்சி, பென்சில்வேனியா மருத்துவமனைகளில் 16 ஆண்டு வேலை பார்த்தார். ஓர் இடத்தில் சந்தேகம் எழும், விலகுவார், அடுத்த மருத்துவமனையில் சேருவார். பழைய இடத்தில் விசாரித்தால் வேலை பார்த்த தேதிகள் கிடைக்கும், சந்தேகம் கிடைக்காது. அந்த ஆண்டுகளில் அவர் நோயாளிகளுக்கு மருந்தை அளவு மீறிச் செலுத்திக் கொன்றுகொண்டே இருந்திருக்கிறார் என்பது 2003 டிசம்பரில் கைதானபோதுதான் வெளியே வந்தது. 29 கொலைகள் உறுதியாயின. அவரே சொன்ன கணக்கு நாற்பதைத் தொட்டது. மருத்துவமனைகள் பெரும்பாலும் வழக்குக்குப் பயந்து வாய் திறக்கவில்லை. நோயாளிகளின் பக்கம் பேச அங்கே யாரும் இல்லை. 2005இல் நியூ ஜெர்சி சட்டம் கொண்டுவந்து, மருத்துவ ஊழியர்களின் நடத்தை பற்றிய தகவலைப் பகிர்வதைக் கட்டாயமாக்கியது.

கலிஃபோர்னியாவில் நேர் எதிரான தவறு நடந்தது. மாணவிகளிடம் தவறாக நடந்ததாகப் புகார் இருந்த ஒரு பள்ளி அதிகாரிக்கு, அது தெரிந்தும், பழைய பள்ளி நிர்வாகங்கள் தயக்கமில்லாமல் பாராட்டிக் கடிதம் கொடுத்தன. அடுத்த பள்ளியில் 13 வயதுச் சிறுமி பாதிக்கப்பட்டாள். 1997இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் கடிதம் எழுதியவர்களும் பொறுப்பாகலாம் என்றது. பாதி உண்மையைச் சொல்லி மீதியை மறைத்தால் பொறுப்பு வரும். ஒன்றுமே சொல்லாமல் இருந்திருந்தால் பொறுப்பு வந்திருக்காது. இந்தத் தீர்ப்பைப் படித்த எந்த நிர்வாகியும் மௌனத்தைத்தான் தேர்ந்தெடுப்பார். அதனால் மௌனத்தையும் சட்டம் தொட வேண்டும் என்று நான் நினைக்கிறேன், எல்லா வேலைக்கும் இல்லை, உயிரும் குழந்தைகளும் கையில் ஒப்படைக்கப்படும் வேலைகளுக்கு. பிரிட்டன் நிதித்துறையில் முக்கியப் பொறுப்புகளுக்கு ஆறு ஆண்டுத் தகவலைப் பழைய நிறுவனம் கொடுத்தே ஆக வேண்டும் என்று 2017இல் விதி வந்தது. பணத்துக்குச் செய்ய முடிந்ததை நோயாளிக்குச் செய்ய முடியாதா?

இவ்வளவு பாடுபட்டு எழுதுகிற, மறைக்கிற, வழக்காடுகிற இந்தச் சான்று உண்மையில் எவ்வளவு பயன்படுகிறது? ஷ்மிட், ஹன்டர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 1998இல் வெளியிட்ட கணக்கின்படி, பழைய முதலாளியிடம் விசாரிப்பதற்கும் பிற்காலத்தில் ஆள் எப்படி வேலை செய்கிறார் என்பதற்கும் உள்ள தொடர்பு 0.26, ஒழுங்காக வடிவமைத்த நேர்காணலுக்கு 0.51. அமெரிக்க மருத்துவக் கல்லூரி ஒன்றில் ஆசிரியப் பணிக்கு வந்த 300க்கு மேற்பட்ட பரிந்துரைக் கடிதங்களை ஆராய்ந்த ட்ரிக்ஸ், சென்கா இருவரும், பெண்களுக்கு எழுதிய கடிதங்கள் சராசரியில் குட்டையாகவும், ஆராய்ச்சித் திறனைவிடக் கடின உழைப்பையே பேசுவதாகவும் இருந்ததை 2003இல் காட்டினார்கள். மனம் திறந்து புகழ்கிற கடிதத்திலும் எழுதுகிறவரின் பழக்கமே முன்னால் வந்து நிற்கிறது.

நம் ஊருக்கு வருவோம். இங்கே இரண்டு உலகங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. திருப்பூர் பனியன் கம்பெனியிலும், சிவகாசி அச்சகத்திலும், கோயம்பேட்டுக் கடையிலும் காகிதத்துக்கு வேலை இல்லை. ‘யார் சொல்லி வந்தே?’ என்பதுதான் முதல் கேள்வி. கூட்டி வந்தவர்தான் சான்று. பையன் பணத்தோடு ஓடிப்போனால் கூட்டி வந்த மாமாவிடம் போய்க் கேட்பார்கள். எழுதிக் கொடுத்த முதலாளிக்கு இல்லாத பொறுப்பு இந்த மாமாவுக்கு இருக்கிறது என்பதால் இந்த முறையில் ஒரு வலு உண்டு. ஆனால் சொல்ல ஆள் இல்லாதவருக்கு அங்கே கதவு திறக்காது. யாருக்குச் சொல்ல ஆள் இருக்கும் என்பதைப் பெரும்பாலும் சாதியும் ஊரும் முடிவு செய்கின்றன.

இன்னொரு உலகம் ரிலீவிங் லெட்டரின் உலகம். ஐடி நிறுவனத்தில் பேப்பர் போட்டால் பல இடங்களில் 90 நாள் நோட்டீஸ். அது முடியாமல் போனால், பணம் பாக்கி என்றால், மேலாளருக்குக் கோபம் என்றால், அந்தக் கடிதம் வராது. புது நிறுவனத்தின் வெரிஃபிகேஷன் ஏஜென்சி பழைய நிறுவனத்துக்கு மெயில் அனுப்பும். ‘அப்ஸ்காண்டிங்’, அதாவது சொல்லாமல் ஓடிப்போனவர், என்று அங்கே குறித்து வைத்திருந்தால், கையில் இருந்த ஆஃபர் போய்விடும். மாவட்டத் தலைநகர் ஒன்றின் தனியார் மருத்துவமனையில் நான்கு வருடம் இரவு ஷிஃப்ட் பார்த்த ஒரு செவிலியரின் கதையை அறிவேன். வெளிநாட்டு வேலைக்கு அனுபவச் சான்று வேண்டும் என்று கேட்டபோது, போவதற்கா கேட்கிறாய் என்று சொல்லி மாதக்கணக்கில் அலைக்கழித்தார்கள். விசா காலம் போய்விட்டது. தேயிலைத் தோட்டத்துத் துண்டில் கடன்தொகையாவது எழுதியிருந்தது; இங்கே எந்தத் தொகையைக் கட்டினால் விடுவார்கள் என்றுகூட அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை.

கடிதம் கிடைத்தாலும் அதில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை எங்களிடம் பணிபுரிந்தார். அவருடைய நடத்தை நன்று. எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம். சென்னையில் யாரும் இதைக் குறையாக நினைக்க மாட்டார்கள். அதை எடுத்துக்கொண்டு மியூனிக்குக்கோ ஸ்டுட்கார்ட்டுக்கோ போகிற பொறியாளருக்குத்தான் சங்கடம். நடத்தையைச் சொல்லி வேலைத்திறத்தைப் பற்றி மூச்சு விடாத சான்று ஜெர்மன் அதிகாரியின் கண்ணில் படுமோசமான சான்று. எழுதியவர் பழைய மாதிரியைப் பார்த்துப் பெயரை மட்டும் மாற்றியிருப்பார். படிப்பவர் அதில் ஒளிந்திருக்கும் பொருளைத் தேடுவார். இப்போது போகிறவர்கள் என்னென்ன திட்டங்களில், எந்தப் பொறுப்பில், என்ன செய்தோம் என்று தாங்களே விரிவாக எழுதி, மேலாளரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறார்கள். முடிந்தவர்கள் செய்ய வேண்டியதுதான்.

என் கட்சி பிரான்சின் கட்சி. தேதி, பதவி, செய்த வேலை ஆகிய மூன்றும் கடைசி நாளிலேயே கைக்கு வர வேண்டும். பாக்கிப் பணமோ நோட்டீஸ் தகராறோ இருந்தால் அதற்கு நீதிமன்றம் இருக்கிறது. சான்றை அடகாக வைத்துக்கொள்ளக் கூடாது. புகழ் வேண்டியதில்லை, அதனால் இகழ்ச்சிக்கும் வழியில்லை. இதற்கு ஒரே விதிவிலக்கு, நோயாளிகளும் குழந்தைகளும் சம்பந்தப்பட்ட வேலைகள். அங்கே விசாரணை நடந்து முடிவான விஷயத்தை, அந்த ஊழியருக்கும் நகல் கொடுத்து, அடுத்த இடத்துக்குத் தெரிவிப்பது கட்டாயமாக வேண்டும். ஊழியர் பார்க்காத ரகசியக் குறிப்பு எதுவும் செல்லாது என்றும் இருக்க வேண்டும்.

இதெல்லாம் புதுக் கோரிக்கையும் இல்லை. இந்தியாவில் 1946ஆம் ஆண்டின் மாதிரி நிலையாணைகள், நிரந்தரத் தொழிலாளி நீக்கப்பட்டாலும், விடுவிக்கப்பட்டாலும், ஓய்வு பெற்றாலும் பணிச்சான்று பெற உரிமையுள்ளவர் என்றன. ஒப்பந்தத் தொழிலாளர் மத்திய விதிகள் 1971, இன்னும் ஒரு படி மேலே போயின. என்ன காரணத்தால் வேலை முடிந்தாலும் ஒப்பந்தக்காரர் 15ஆம் படிவத்தில் சான்று தர வேண்டும் என்றது 77ஆம் விதி. தொழிலாளி கேட்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. இந்தச் சட்டங்களின் இடத்தில் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு ஒப்பந்தத் தொழிலாளிக்கு அனுபவச் சான்று தரச் சொல்கிறது, அவர் கேட்டால். ஒரு கட்டடம் முடிந்ததும் லாரியில் ஏறி அடுத்த கட்டடத்துக்குப் போகிற கம்பி கட்டுகிறவர் யாரிடம் போய்க் கேட்பார்? மாநில அரசு தன் விதிகளை எழுதும்போது, கேட்காமலே தர வேண்டும், கடைசிக் கூலியோடு சேர்த்துத் தர வேண்டும் என்று ஒரு வரி எழுதலாம்.